ஆற்றுவாழையும் அழுக்குநீரும்

மட்டக்களப்பு வாவியின் தென்பகுதியில், கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் நடுவே அமைந்த கிட்டங்கித் தாம்போதியை அண்டிய நீர்ப்பரப்பில், தடித்த பச்சை இலைகளும் ஊதிப் பருத்த காம்புகளும் வெளிர் ஊதாப் பூக்கதிரும் கொண்ட ஒரு மிதவைச் செடி, கீழே நீர் இருப்பதே தெரியாதபடி மூடிக்கிடப்பது வழக்கம். தமிழ்நாட்டில் வெங்காயத்தாமரை என்றும் ஆகாயத்தாமரை என்றும் வழங்கப்படும் அச்செடியைக் கிழக்கிலங்கை மக்கள் ஆற்றுவாழை என்கின்றனர். தோணி செலுத்துவோருக்கும் வலை வீசுவோருக்கும் அது இடையூறு. மாரியில் வெள்ளம் வடிவதற்கும் அது தடை. ஆகவே அதனை அகற்றுவதும், அகற்றிய இடத்தில் அது மீண்டும் படர்வதும் மாறிமாறி நடந்துவருகின்றன. எனினும், அச்செடி இவ்வளவு செழிப்பதற்கு எது உணவாகின்றது என்று கேட்டுப் பார்த்தால், வாவிக்குள் நாள்தோறும் வந்து சேரும் கழிவின் கணக்கை அச்செடியே தன் உடலில் எழுதி வைத்திருப்பது புலனாகும்.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமும், நீளத்தோடு ஒப்பிடுகையில் மிகக் குறைந்த அகலமும் உடைய இவ்வாவி, வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே பெரியகல்லாற்றை அடுத்தும் உள்ள முகத்துவாரங்களால் மட்டுமே கடலோடு உறவு கொள்கின்றது. மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்திருக்கும் கோடை மாதங்களில் வாவி நீருக்கு வெளியேற வழியில்லை. வடகீழ்ப் பருவமழை பெருகி முகத்துவாரம் உடையும்போது, அல்லது வெட்டிவிடப்படும்போதுதான் பழைய நீர் கடலுக்குச் செல்கின்றது. இதனால், ஒரு நதியில் விடப்படும் கழிவு ஓடிப் போவது போல இங்கு விடப்படும் கழிவு ஓடிப் போவதில்லை. அது மாதக்கணக்கில் தங்குகின்றது.

தங்கும் கழிவு இரு கரைகளிலிருந்தும் வருகின்றது. சூரியன் எழும் திசையிலுள்ள எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம்; ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் அக்கரையில், காத்தான்குடி என்னும் ஒரே பிரதேசச் செயலகப் பிரிவில், சில சதுர கிலோமீற்றர் பரப்பில், 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி 40,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். வீடுதோறும் மலக்குழி உண்டு. மணலோ நீரைப் பிடித்து வைக்காது. நிலத்தடி நீரோ ஒரு சில மீற்றர் ஆழத்திலேயே நிற்கின்றது. ஆகையால் குழியிலிருந்து கசியும் நீர் ஒருபுறம் கிணற்றையும் மறுபுறம் வாவியையும் நாடுகின்றது. சூரியன் படும் திசையிலுள்ள படுவான்கரையோ வயல் நாடு. உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் பாசனத்திலும், தெற்கே கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்களின் பாசனத்திலும் விளையும் வயல்களின் வடிச்சல், இட்ட பசளையில் பயிர் எடுத்துக்கொள்ளாத பங்கையும் சுமந்துகொண்டு வாவியின் பக்கம் இறங்குகின்றது. நெல்வயலில் இடப்படும் யூரியாவின் நைதரசனில் பாதியைக்கூடப் பயிர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை என்பது வேளாண் அறிஞர் பலரும் ஒப்பும் செய்தி. இவற்றோடு, புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல்லை ஊறவைத்து வடித்த நீரும், சந்தைகளையும் உணவகங்களையும் கழுவிய நீரும் சேர்கின்றன.

இக்கழிவு செய்யும் தீங்கு இருவகைப்பட்டது. முதலாவது, அழுகக்கூடிய பொருளால் வருவது. வெப்பமான நாட்டில் ஒரு லீற்றர் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசன் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் மட்டுமே. ஒரு லீற்றர் வீட்டுக் கழிவுநீரிலுள்ள அழுகு பொருளைச் சிதைக்கப் பற்றீரியாக்களுக்குத் தேவைப்படும் ஒட்சிசனோ 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஆகும். ஒரு லீற்றர் கழிவு, முப்பது லீற்றர் நல்ல நீரிலுள்ள உயிர்க்காற்று முழுவதையும் உறிஞ்சிவிட வல்லது என்பதே இதன் பொருள். நீருக்குள் நுண்ணுயிர்கள் இவ்வாறு கோரும் ஒட்சிசனின் அளவையே உயிரியல் ஒட்சிசன் தேவை என்று அறிவியலார் வழங்குவர். இலங்கையின் சுற்றாடல் விதிகள், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராமை மிஞ்சலாகாது என வரையறுத்துள்ளன. இரண்டாவது தீங்கு, நைதரசன், பொசுபரசு ஆகிய போசணைகளால் வருவது. வயலில் பயிரை வளர்க்கும் அவையே வாவியில் பாசியையும் களையையும் வளர்க்கின்றன. வளர்ந்தவை மடிந்து அழுகும்போது எஞ்சிய ஒட்சிசனும் தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. மேற்பரப்பில் பச்சை மிகுவதும் அடியில் உயிர் குறைவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள்.

நீர்த்தாவரங்களைக் கொண்டே இத்தகைய நீரைத் தூய்மைப்படுத்தலாம் என்ற எண்ணம், ஆய்வு முறையில் எடுத்தாளப்பட்டு முக்கால் நூற்றாண்டு ஆகின்றது. ஜெர்மனியின் புளோன் நகரிலிருந்த மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் 1950களின் தொடக்கத்தில் பணியாற்றிய கேத்தே சைடல் என்னும் தாவரவியலார், கழிவுநீரில் கோரை வகைகளை வளர்த்து, அவை அந்நீரில் பிழைப்பதோடு அதனைத் தெளியவைப்பதையும் காட்டினார். அவர் வழியைப் பின்பற்றி, ஓத்ஃபிரேசன் என்னும் ஜெர்மானிய ஊரில் 1974ஆம் ஆண்டில் முழு அளவிலான நாணற்படுகை ஒன்று இயங்கத் தொடங்கியது. அதே காலத்தில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மிசிசிப்பி ஆய்வகத்தில் பில் வொல்வர்ட்டன் என்பவர், இதே ஆற்றுவாழையைக் கழிவுநீர்க் குட்டைகளில் வளர்த்து அதன் ஆற்றலை அளந்தார்.

தாவரம் அழுக்கை உண்ணுகின்றது என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. நீரில் அமிழ்ந்த வேர்த்தொகுதி முதலில் ஓட்டத்தைத் தணிக்கின்றது. ஓட்டம் தணிந்ததும் மிதக்கும் துகள்கள் படிகின்றன. வேர்களின் மேலும் தண்டின் அடிப்பகுதியிலும் வழுவழுப்பான மெல்லிய படலமாகப் பற்றீரியாக்கள் குடியேறுகின்றன. அழுகு பொருளைச் சிதைக்கும் பெரும்பணியைச் செய்வன அவையே. நாணலும் சம்பும் போன்ற சேற்றுத் தாவரங்களின் தண்டுகளில் காற்று இறங்கிச் செல்லும் நுண்குழாய்கள் உள்ளன. அவற்றின் வழியே வேருக்கு இறங்கும் ஒட்சிசனில் சிறிதளவு வேரைச் சுற்றிக் கசிவதால், ஒட்சிசனற்ற சேற்றுக்குள்ளும் வேரோரத்தில் உயிர்க்காற்று உள்ள ஒரு மெல்லிய வளையம் உண்டாகின்றது. அவ்வளையத்தில் வாழும் பற்றீரியாக்கள் கழிவிலுள்ள அமோனியாவை நைத்திரேற்றாக மாற்ற, சற்று அப்பால் ஒட்சிசனில்லாத இடத்தில் வாழும் வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றிலிருந்து நைதரசன் வாயுவை விடுவித்து வளிமண்டலத்துக்கே அனுப்பிவிடுகின்றன. தாவரம் தன் உடலுக்குள் எடுத்துக்கொள்ளும் நைதரசன், படுகைக்குள் நீரோடும் அமைப்புகளில் மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். ஆகவே தாவரத்தை உண்பவராகக் கருதுவதைவிட, எண்ணற்ற வேலையாள்களுக்கு வீடும் காற்றும் தரும் இல்லறத்தாராகக் கருதுவதே பொருந்தும்.

ஆற்றுவாழை போன்ற மிதவைச் செடிகளில் கணக்கு சற்று மாறுகின்றது. அவை மிக விரைவாக வளர்வதால், உடலுக்குள் எடுத்துக்கொள்ளும் பங்கு கூடுகின்றது; சாதகமான நீரில் ஓரிரு வாரத்தில் ஆற்றுவாழை தன் அளவில் இரு மடங்காகிவிடும். ஆனால் அதன் உடலில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். ஒரு தொன் பச்சைச் செடியை உலர்த்தினால் எஞ்சுவது 50 கிலோ. அதில் உள்ள நைதரசன் ஒன்று அல்லது ஒன்றேகால் கிலோ. ஒரு மனிதர் ஆண்டொன்றுக்குக் கழிக்கும் நைதரசன் ஏறத்தாழ நான்கரைக் கிலோ என்பதால், ஒருவரது மூன்று மாதக் கழிவின் நைதரசனை வாவியிலிருந்து வெளியே எடுக்க ஒரு தொன் ஆற்றுவாழையைக் கரையேற்ற வேண்டியிருக்கும். இக்கணக்கைச் சோர்வு தரும் கணக்காகக் கொள்ளலாகாது. கரையேற்றாத செடி எதையும் தூய்மைப்படுத்தவில்லை என்பதையே அது உணர்த்துகின்றது. வெட்டி ஒதுக்கி நீரோரத்திலேயே குவித்துவிடும் ஆற்றுவாழை அழுகும்போது, தான் சேர்த்த அனைத்தையும் வாவிக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றது.

மட்டக்களப்பில், போசணை இவ்வாறு வாவிக்கே திரும்புவதற்கு இன்னொரு காரணமும் துணைநிற்கின்றது. ஆற்றுவாழை தென்னமெரிக்க நன்னீர்ச் செடி. லீற்றருக்கு ஐந்தாறு கிராம் உப்பைக்கூட அது தாங்காது, கடல்நீரிலோ அதுபோல் ஆறு ஏழு மடங்கு உப்பு. ஆகையால் நன்னீர் மிகுந்த தென்பகுதியில் செழித்து வளரும் இச்செடிகள், மாரி வெள்ளம் தள்ளிக்கொண்டு வந்து உவர்நீரில் சேர்த்ததும் கருகி மடிந்து அடியில் தங்குகின்றன. தெற்கின் வடிச்சலில் சேர்ந்த போசணையை வடக்கின் சேற்றுக்கு ஏற்றிச் செல்லும் வாகனமாகவே அவை அப்போது ஆகின்றன. வாவிக்குள் இச்செடியை வளர்த்து வாவியைத் தூய்மையாக்கலாம் என்று சிலர் கூறும் யோசனை இவ்விடத்திலேயே பொய்த்துப்போகின்றது. மேலும், அழகுச் செடியாக இலங்கைக்குள் வந்த ஆற்றுவாழை பரவுவதைத் தடுக்க 1909ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றவேண்டி நேர்ந்த நாட்டில், அதனை வேண்டுமென்றே நடுவது எவ்வகையிலும் தகாது.

அப்படியானால் நீர்த்தாவரங்களின் ஆற்றலை எங்கே பயன்படுத்துவது? வாவியை வந்தடைவதற்கு முன், கழிவு இன்னும் ஓடையிலோ வாய்க்காலிலோ ஓடும்போது, என்பதே விடை. இதற்காக மனிதர் கையால் அமைக்கும் சதுப்பை ஆக்கப்பட்ட ஈரநிலம் என்பர். அதன் எளிய வடிவத்தில், மலக்குழியிலிருந்தோ படிவுத் தொட்டியிலிருந்தோ கட்டியைப் படியவைத்த பின் வெளிவரும் நீர், ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் ஆழமுள்ள, கசியாத அடியுடைய, சரளைக்கல் நிரப்பிய ஒரு நீண்ட தொட்டிக்குள் ஒரு முனையில் புகுந்து, கல்லின் மேலே தலைகாட்டாமல் உள்ளேயே நகர்ந்து மறுமுனையில் வெளியேறுகின்றது. மேலே நாணலோ சம்போ கோரையோ நடப்பட்டிருக்கும். நீர் அதற்குள் மூன்று முதல் ஐந்து நாள் வரை தங்கவேண்டும். குளிர்நாடுகளில் ஒருவரது கழிவுக்கு ஐந்து சதுர மீற்றர் வரை தேவைப்பட்ட பரப்பு, ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் நாடுகளில் ஒன்றிரண்டு சதுர மீற்றராகக் குறைகின்றது. பற்றீரியாக்கள் வெப்பத்தில் விரைந்து உழைப்பதே காரணம்.

இலங்கையில் இவ்வழியிலான ஆய்வை நெடுங்காலமாக நடத்திவருவது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். சம்பு, கோரை ஆகிய உள்ளூர்த் தாவரங்களைச் சரளைப் படுகைகளில் வளர்த்து வெப்ப வலயச் சூழலில் அவற்றின் திறனை அதன் ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். மண்ணில் நடாமல் மிதவைகளில் சம்பையும் கல்வாழையையும் நட்டு, வேர்கள் நீருக்குள் தொங்கும்படி விட்டு மேற்கொண்ட ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ்நாட்டிலுள்ள ஆரோவில்லிலும் தாவரப் படுகைகள் வழியே குடியிருப்புக் கழிவுநீரைத் தெளியவைத்து மரங்களுக்குப் பாய்ச்சும் வழக்கம் பல ஆண்டுகளாக நிலவுகின்றது.

பரப்பிலும் பழமையிலும் இவற்றையெல்லாம் விஞ்சுவது கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலம். 12,500 ஹெக்டேயர் பரந்து, 2002ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அங்கே, மாநகரின் கழிவுநீர் ஆழமற்ற மீன்குட்டைகளில் விடப்பட்டு, வெயிலும் பாசியும் பற்றீரியாவும் அதனைத் தெளியவைக்க, மீனும் காய்கறியும் விளைகின்றன. இதன் இயக்கத்தை உலகறியச் செய்த துருபஜோதி கோஷ் ஒரு பொறியியலாளர். அவர் கண்டு எழுதியதோ மீனவர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை. அக்குட்டைகளின் ஓரங்களில் மட்டும், வரம்பை அலை அரிக்காமலிருக்கவும் மிகுந்த அழுக்கை உறிஞ்சவும், ஆற்றுவாழையைக் கட்டுக்குள் வைத்து வளர்க்கின்றனர். அச்செடியை ஆளும் கை அருகில் இருப்பதால் அங்கே அது களையாகவில்லை.

மட்டக்களப்பின் இரு கரைகளுக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. எழுவான்கரையில் நிலம் நெருக்கடியானது; ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு ஐந்து முதல் பத்து சதுர மீற்றர் ஒதுக்குவது காத்தான்குடியின் வளவுகளில் இயலாத காரியம். பாடசாலை, விடுதி, சுற்றுலா விடுதி, சந்தை என நிலமும் பராமரிப்புக்கு ஆளும் உள்ள இடங்களிலேயே சரளைப் படுகை நிலைக்கும். புழுங்கல் ஆலையின் ஊறல் நீர் வீட்டுக் கழிவைவிடப் பலமடங்கு செறிவானது என்பதால், அதனை நேரே தாவரப் படுகையில் விட்டால் படுகை அடைபட்டு, தாவரமும் கருகும்; காற்றுப் புகாத தொட்டியில் முதலில் புளிக்கவைத்து, செறிவு குறைந்த பின்னரே தாவரத்திடம் ஒப்படைக்கவேண்டும். மருத்துவமனைக் கழிவு, பற்றரிக் கழிவு, சாயக் கழிவு ஆகியவற்றை இம்முறையால் மட்டும் கையாள முயல்வது ஆபத்தானது.

படுவான்கரையில் நிலைமை வேறு. வயல் வடிச்சல் வாய்க்கால்கள் வாவியில் இறங்கும் வாயிலில், நெல் விளையாத பள்ளக் காணிகள் ஏராளம். அவற்றில் சில இயல்பாகவே சம்பும் அல்லியும் கோரையும் நிறைந்த வில்லுகளாக இருக்கின்றன. வாய்க்காலை நேரே வாவிக்குள் வெட்டிவிடாமல், அப்பள்ளங்களின் வழியே வளைத்துப் பரவவிட்டாலே சேறும் பசளையும் கணிசமாகத் தங்கிவிடும். இதற்குச் சரளையும் வேண்டியதில்லை, கொங்கிறீற்றும் வேண்டியதில்லை. அத்தகைய பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பி வளவாக்குவது, வாவிக்குக் கட்டணமின்றிக் கிடைத்த சுத்திகரிப்பு நிலையங்களை மூடுவதற்கு ஒப்பாகும் என்பதை நிலப்பயன்பாட்டைத் தீர்மானிப்போர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இங்கே நடத்தகுந்த தாவரங்களுள் முன்னிற்பது பன். கோரை இனத்தைச் சேர்ந்த பன் புல்லை வெட்டி, கிழித்து, உலர்த்தி, சாயமேற்றிப் பாய் இழைப்பது கிழக்கிலங்கைப் பெண்களின் பழந்தொழில்களில் ஒன்று. வெட்ட வெட்டத் துளிர்க்கும் இப்புல், ஈரநிலப் படுகைக்குத் தேவையான எல்லாப் பண்புகளையும் உடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதனை வெட்டிக் கரையேற்றுவதற்கு ஏற்கெனவே ஒரு காரணமும் ஒரு கைத்திறனும் இப்பகுதியில் உண்டு. பல நாடுகளில் ஆக்கப்பட்ட ஈரநிலங்கள் கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம், முதிர்ந்த தாவரத்தை அறுத்தெடுக்க எவரும் இல்லாமற் போனமை. வயல் வடிச்சலில் வளர்ந்த பன் பாயாவதில் தடையொன்றுமில்லை. முகத்துவாரத்தை அண்டிய உவர்நிலங்களில் பன்னும் சம்பும் தளர்ந்துவிடும். அங்கே உப்பைத் தாங்கும் நாணலும், கரையோரக் கண்டல் காடுமே பொருத்தமானவை.

உணவாகும் நீர்த்தாவரங்களைப் பற்றி மட்டும் கண்டிப்பான எச்சரிக்கை வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கங்குன் கீரை, அழுக்குநீரில் மிகச் செழிப்பாக வளர்வதாலேயே அதனை அங்கு வளர்க்கும் ஆசை எழுகின்றது. அதுவோ ஈயம், கட்மியம் முதலிய பார உலோகங்களைத் தன் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ள வல்லது, கழிவிலுள்ள நோய்க்கிருமிகளும் அதன் மேல் ஒட்டிவரும். நகர வடிகாலில் விளைந்த கங்குன் கறிக்கு ஆகாது.

நுளம்பைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. பழைய மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்று குறிக்கும் பிஸ்டியா என்னும் மிதவைச் செடியின் வேரில் தன் குடம்பிகளைத் தொங்கவிட்டு வளரும் மன்சோனியா நுளம்பே இலங்கையில் ஒருவகை யானைக்கால் நோயைப் பரப்பியது. அச்செடியை ஒழித்தமை அந்நோயை அடக்கத் துணைசெய்தது. 2016ஆம் ஆண்டில் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிய நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்ற இலங்கை, அந்த வெற்றியைக் கவனக்குறைவால் இழக்கலாகாது. குடியிருப்புகளை அண்டிய இடங்களில் திறந்த குட்டையை விலக்கி, நீர் கல்லுக்குள்ளேயே நகரும் படுகையை அமைத்தால் நுளம்பு முட்டையிட நீர்ப்பரப்பே இராது. திறந்த பள்ளங்களில் உள்ளூர் மீன்கள் குடம்பிகளைத் தின்றுவிடுமாறு நீர் வற்றாது காக்கவேண்டும்.

கிட்டங்கியில் ஏற்கெனவே குவிந்துள்ள ஆற்றுவாழைக்கும் ஒரு வழி காணவேண்டும். இரண்டு மூன்று நாள் கரையில் வாடவிட்டு நீரைக் குறைத்த பின், வைக்கோலும் மாட்டெருவும் கலந்து குவித்து, குவியலின் உட்புறம் கையால் தொடமுடியாத அளவுக்குச் சூடேறும்படி பார்த்துக்கொண்டால், விதைகளும் மடிந்து நல்ல கூட்டெரு கிடைக்கும். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அறிவிக்கப்பட்டு நவம்பரில் கைவிடப்பட்ட இரசாயனப் பசளை இறக்குமதித் தடையின்போது கூட்டெருவுக்கு அலைந்த விவசாயிகளின் வயல்களுக்கு அருகிலேயே, அவ்வயல்களிலிருந்து கழுவிச் செல்லப்பட்ட நைதரசன் பச்சை நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. வாவியில் தங்கிய போசணை வயலுக்குத் திரும்பும் இவ்வழி, பெரிய இயந்திரம் எதையும் வேண்டுவதில்லை. உழவு இயந்திரப் பெட்டியும், கூலிக்கு ஆளும், குவிக்க மேட்டு நிலமுமே அதற்குத் தேவை.

அறுவடையின் காலமும் முக்கியம். சிறுபோகம் முற்றி நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் பன்னையும் சம்பையும் அடியோடு ஒட்ட வெட்டாமல், ஒரு சாண் விட்டு வெட்டி எடுத்தால், ஒக்டோபரில் முதல் மழை விழும்போது புதுத்துளிர் எழுந்து, பெரும்போகத்தின் முதற் பசளையோடு வரும் வடிச்சலை எதிர்கொள்ளப் படுகை ஆயத்தமாக நிற்கும். வெட்டாமல் விட்ட பழந்தாள்களோ அதே மழையில் சாய்ந்து அழுகி, முகத்துவாரம் திறப்பதற்கு முன்பே வாவிக்குள் இறங்கிவிடும்.